கொட்டகை ஆலயமான கதை

பாஸ்டன் என்றதும் நம்மவர்க்கு முதலில் நினைவுக்கு வருவது தேயிலை. 1773-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 16-ஆம் தேதி இரவு அந்நகரத்தார் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் தேயிலைப் பெட்டிகள் 342-ஐத் துறைமுகத்துத் தண்ணீரில் கொட்டினார்கள். நம் நாட்டைச் சுரண்டிய அதே கம்பெனிதான். சென்னைவாசிகளுக்கு அந்நகரத்தோடு இன்னோர் உறவும் உண்டு. திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் கட்டடம், பாஸ்டன் வர்த்தகர் பிரெடெரிக் டியூடர் கப்பல் கப்பலாக அனுப்பிய பனிக்கட்டியைக் காப்பதற்கென்றே ஆதியில் எழுந்தது.

அந்தப் பாஸ்டனில் டிரெமாண்ட் தெரு என்றொரு தெரு உண்டு. அத்தெருவில் உள்ள பாப்டிஸ்டு கிறிஸ்தவர்களின் ஆலயத்துக்கு 'டிரெமாண்ட் டெம்பிள்' என்று பெயர். ஓர் ஆசனத்தைப் பற்றிய வழக்கில் பிறந்தது அச்சபை. நாடகக் கொட்டகை ஒன்றில் குடியேறியது. மூன்று முறை நெருப்புக்கு இரையாகி மூன்று முறையும் அதே இடத்தில் எழுந்தது. ஒவ்வொரு முறையும் ஆலயத்தோடு கூட ஒரு பெரிய ஆர்கன் வாத்தியமும் சாம்பலாயிற்று. அதன் சரித்திரத்தை நமது நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

பாப்டிஸ்டுகள் யார்?

கிறிஸ்தவ மதத்தில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது பெரும்பாலோர் வழக்கம். அறியாக் குழந்தைக்குச் செய்யும் சடங்கு செல்லாது, விவரம் தெரிந்தவன் தானே விரும்பி வந்து தண்ணீரில் முழுவதும் மூழ்கி எழவேண்டும் என்பது பாப்டிஸ்டுகளின் கொள்கை. ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆண்டுகொள்ளும். மேலே அதிகாரம் செலுத்தும் அத்தியட்சர் எவரும் இல்லை. இத்தகையோரை அரசாங்கங்கள் விரும்பாததில் ஆச்சரியம் என்ன? மத சுதந்தரம் தேடிக் கடல் கடந்து வந்ததாகப் பெருமை பேசிய மாசசூஸெட்ஸ் பியூரிட்டன்களே, 1651-இல் ஒபடையா ஹோம்ஸ் என்ற பாப்டிஸ்டைப் பாஸ்டன் நகரத்தில் நிறுத்திச் சாட்டையால் அடித்தார்கள். 1680-இல் அந்நகரத்து முதல் பாப்டிஸ்டு ஆலயத்தின் கதவுகளை ஆணி அறைந்து மூடினார்கள்.

அமெரிக்க பாப்டிஸ்டுகளின் கதையில் நம் சென்னையும் ஒரு சிறு அத்தியாயம் பெற்றிருக்கிறது. 1812-இல் மாசசூஸெட்ஸிலிருந்து இந்தியாவுக்குப் புறப்பட்ட அடோனிராம் ஜட்ஸன் தம்பதிகள் வேறு பிரிவினராகக் கப்பல் ஏறி, கல்கத்தாவில் பாப்டிஸ்டுகளாக ஸ்நானம் பெற்றார்கள். கம்பெனி அதிகாரிகள் அவர்களைத் தங்கவிடவில்லை. மோரீஸ் தீவுக்குப் போய், அங்கிருந்து 1813 ஜூன் மாதம் சென்னைக்கு வந்தார்கள். இங்கும் கம்பெனி ஆட்சிதான். ஆகவே துறைமுகத்தில் கிடைத்த கப்பலில் ஏறி ரங்கூன் போய்ச் சேர்ந்தார்கள். ஜட்ஸனைத் தாங்குவதற்காகவே அமெரிக்க பாப்டிஸ்டு சபைகள் 1814-இல் முதன்முதலாகத் தேசமளாவ ஒன்று கூடின.

பாட்டும் வாத்தியமும்

ஆலயத்தில் ஆர்கன் ஒலிப்பது இயல்பான காரியம் என்றே நாம் எண்ணுகிறோம். பழைய பாப்டிஸ்டுகள் அவ்வாறு எண்ணவில்லை. வாத்தியம் ஒருபுறம் இருக்கட்டும், சபையார் கூடிப் பாடலாமா என்பதே பெரும் தகராறாக இருந்தது. லண்டனில் பெஞ்சமின் கீச் என்ற போதகர் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமது சபையில் பாட்டைப் புகுத்தியபோது, அது மனிதர் இட்டுக்கட்டியது என்று சொல்லிச் சிலர் வெளியேறிவிட்டார்கள். அவரும் விடாமல் 1691-இல் பாட்டுக்குப் பரிந்து ஒரு நூலே எழுதி வெளியிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் மாநகரையே தம் பிரசங்கத்தால் ஈர்த்த ஸ்பர்ஜன் என்ற பாப்டிஸ்டுப் போதகர், ஆயிரக்கணக்கானோர் கூடும் தமது பெரிய ஆலயத்தில் ஆர்கன் வைக்க இடமே கொடுக்கவில்லை. மனிதக் குரல் போதும் என்பது அவர் கட்சி.

பாஸ்டனிலும் இந்த வெறுப்பு வேரூன்றி இருந்தது. 1713-இல் தாமஸ் பிராட்டில் என்ற வர்த்தகர் இறந்தபோது, தம் வீட்டிலிருந்த சிறு ஆர்கனைப் பிராட்டில் தெரு ஆலயத்துக்கு உயில் எழுதிவைத்தார். அவர்கள் ஏற்காவிட்டால் அரசரின் மதத்தினரான ஆங்கிலிகன் சபைக்குப் போகட்டும் என்றும் எழுதியிருந்தார். அவர் நினைத்தபடியே அவர்கள் மரியாதையாக மறுத்தார்கள். வாத்தியம் கிங்ஸ் சாப்பலுக்குப் போயிற்று. அந்தச் சிறு ஆர்கன் பின்னர் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்துப் போர்ட்ஸ்மத் நகரை அடைந்து, இன்றும் அங்கே இருக்கிறது. வேண்டாம் என்று சொன்னவர்களின் சந்ததியார், நூறு வருஷம் கழிந்து, யாருடைய ஆர்கன் பெரியது என்று போட்டி போட்டார்கள்!

இங்கே ஆர்கனைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். நம் வீடுகளில் உள்ள ஹார்மோனியத்தை அதன் தம்பி என்று சொல்லலாம். ஆனால் ஜாதி வேறு. ஹார்மோனியத்தில் காற்றுப் பட்டு அதிர்வது பித்தளை நாக்கு. ஆர்கனிலோ காற்று குழல்களுக்குள் புகுந்து ஊதுகிறது. பெரும்பாலான குழல்கள் நம் புல்லாங்குழலைப் போலவே நாக்கின்றி ஒலிப்பவை. கட்டை ஒவ்வொன்றுக்கும் ஒரு குழல் வேண்டும். அவ்வாறு ஒரே தன்மையான நாதமுடைய குழல்களின் வரிசைக்கு ஒரு 'ஸ்டாப்'. வாசிப்பவர் பிடியை இழுத்தால் அந்த வரிசை பேசும், தள்ளினால் மௌனமாகும். கட்டை வரிசையின் அடிக்கட்டைக்கு எட்டடிக் குழல் வேண்டுமானால், ஒரு ஸ்தாயி கீழே இறங்கப் பதினாறடிக் குழல் வேண்டும். மேலே ஏற ஏற நீளம் பாதி பாதியாகக் குறைந்து, கடைசியில் சுண்டுவிரல் அளவுக்கு வந்துவிடும். கைக்கு இரண்டு, மூன்று, நான்கு கட்டை வரிசைகள். காலுக்குத் தனியே ஒரு வரிசை. மின்சாரம் வருவதற்கு முந்திய காலத்தில், பின்புறத்தில் மறைந்து நின்று துருத்தி மிதிக்கவோ அழுத்தவோ ஆட்கள் இருந்தார்கள். மேடையில் கைதட்டல் வாங்கியவர் வேறு. காற்றுக் கொடுத்தவர் வேறு.

குழல்களில் சில மரத்தாலானவை. மற்றவை ஈயமும் வெள்ளீயமும் கலந்த உலோகம். வெள்ளீயம் 232 டிகிரி வெப்பத்திலும், ஈயம் 327 டிகிரியிலும் உருகும். வடை சுடும் எண்ணெய்ச் சட்டியின் சூட்டுக்குச் சற்றே மேலான சூடு, அவ்வளவுதான். துருத்தியோ தோல், பெட்டியோ காய்ந்த மரம். கட்டடம் தீப்பற்றினால் சுவர் நிற்கும், ஆர்கன் நிற்காது. இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆசன வழக்கு

அக்காலத்து அமெரிக்க ஆலயங்களில் ஆசனங்கள் சொத்து. குடும்பங்கள் அவற்றை விலைக்கு வாங்கின, அல்லது வாடகைக்கு எடுத்தன. நல்ல இடத்துக்கு நல்ல விலை. அந்தப் பணத்திலேதான் ஆலயம் நடந்தது. இந்த ஏற்பாட்டில் கறுப்பு மக்களுக்குக் கிடைத்தது மாடம். கீழ்த்தளத்து ஆசனங்களை அவர்களுக்கு விற்கலாகாது என்று பத்திரத்திலேயே எழுதிவைத்த ஆலயங்கள் உண்டு. மாசசூஸெட்ஸ் மாகாணத்தில் அடிமைத்தனம் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஒழிந்துவிட்டது என்பதையும் நேயர்கள் மறக்கக்கூடாது. சட்டம் விடுவித்தவனை ஆசனம் விடுவிக்கவில்லை. 1830-இல் பார்க் தெரு ஆலயத்தில் ஒரு கறுப்பருக்குக் கடனுக்கு ஈடாக ஓர் ஆசனம் வந்து சேர்ந்தது. குடும்பத்தோடு போய் அமர்ந்தார். மறுபடி அமர விடவில்லை.

பீக்கன் மேட்டில் கறுப்பு மக்கள் தாமே கட்டிக்கொண்ட பாப்டிஸ்டு ஆலயம் 1806 டிசம்பரில் பிரதிஷ்டையாயிற்று. அந்தப் பிரதிஷ்டையன்று கூட, கீழ்த்தளத்து ஆசனங்களை வெள்ளை உபகாரிகளுக்கு விட்டுவிட்டுக் கட்டியவர்கள் மாடத்தில் உட்கார்ந்தார்கள்! அக்கட்டடம் இன்றும் நிற்கிறது. கறுப்பு மக்களின் ஆலயக் கட்டடங்களில் அமெரிக்காவில் இன்று எஞ்சியிருப்பனவற்றுள் மிகப் பழையது அதுவே.

சார்லஸ் தெருவில் இன்னொரு பாப்டிஸ்டு ஆலயம், 1807-இல் கட்டியது. திமோதி கில்பர்ட் அதைச் சேர்ந்தவர். அவர் தொழில் பியானோ செய்வது. செல்வர், சபையில் மதிப்புள்ளவர், அடிமை ஒழிப்பில் தீவிரமானவர். 1830-களில் ஒரு நாள் தம் கறுப்பு நண்பர்களைக் கையோடு அழைத்து வந்து, மாடத்துக்கு அனுப்பாமல், தம் சொந்த ஆசனத்தில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். சபை அவரை விலக்கிவிட்டது.

கில்பர்ட் சளைக்கவில்லை. ஒத்த கருத்துடைய சிலரோடு 1839-இல் புதிய சபை அமைத்தார். அதன் முதல் விதி: ஆசனத்துக்கு விலையும் இல்லை, வாடகையும் இல்லை, எந்த நிறத்தவரும் எங்கும் உட்காரலாம். 'இலவச' சபை என்றே அதற்குப் பெயர். ஆனால் ஆசனத்தில் வருமானம் இல்லையென்றால் சபை எதில் நடக்கும்? பியானோ வியாபாரிக்கு விடை தெரிந்திருந்தது. டிரெமாண்ட் தெருவில் 1827-இல் திறந்த நாடகக் கொட்டகை ஒன்று நொடித்துப்போய் விலைக்கு வந்தது. சார்லட் குஷ்மன் என்ற பேர்போன நடிகை 1835-இல் முதன்முதல் மேடையேறியது அங்கேதான். 1843-இல் சபையார் அதை வாங்கி ஆலயமாக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வழிபாடு, மற்றை நாட்களில் பிரசங்கத்துக்கும் கச்சேரிக்கும் மண்டபம் வாடகைக்கு. பணமுள்ளவன் கச்சேரிக்குக் கொடுக்கும் காசில் ஏழையின் ஆசனம் இலவசமாயிற்று. சினிமாவும் கச்சேரியும் தர்மத்துக்கு நடப்பதை நாம் பார்த்திருக்கிறோம். ஒரு தர்மமே இவ்வளவு நிரந்தரமாகக் கச்சேரியின் மேல் நின்றதை வேறெங்கும் அதிகமாகக் காணோம்.

கச்சேரி மண்டபத்துக்கு ஆர்கன் இன்றியமையாதது. ஆகவே பாப்டிஸ்டுகளின் பழைய வெறுப்பு இங்கே செல்லவில்லை. கில்பர்ட்டுக்கும் குழலும் காற்றும் புதியவை அல்ல. பியானோவின் அடியில் துருத்தியும் உலோக நாக்குகளும் பொருத்தி, ஒரே கட்டையில் இரண்டு வாத்தியமும் ஒலிக்கச் செய்யும் 'ஈயோலியன்' என்ற அமைப்பை 1840-களில் கடைக்குக் கொண்டுவந்தவர் அவர்.

ஒரு சங்கடத்தையும் இங்கே சொல்லவேண்டும். அந்நாளில் பியானோக் கட்டைகளின் மேல் ஒட்டியது தந்தம். கிழக்கு ஆப்பிரிக்காவின் உள்நாட்டிலிருந்து சான்சிபார்த் துறைமுகத்துக்குத் தந்தம் சுமந்து வந்தவர்களில் அடிமைகள் ஏராளம். அடிமை ஒழிப்புக்காகத் தன் ஆலயத்தையே விட்டவரின் தொழிலும் இந்த வலைக்கு வெளியே நின்றதாகச் சொல்ல முடியாது. கில்பர்ட்டின் பெருமையை இது குறைப்பதாக நாம் கருதவில்லை. வியாபாரம் என்பது எத்தனை தூரத்துப் பாவத்தையும் பளபளப்பாக்கி வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிடுகிறது!

ஹுக் சகோதரர்கள்

இந்த ஆலயத்துக்கு ஆர்கன் செய்தவர்கள் எலியாஸ் ஹுக், ஜார்ஜ் கிரீன்லீப் ஹுக் என்ற சகோதரர்கள். சேலம் நகரத்துத் தச்சரின் புதல்வர்கள். (நம் சேலம் அன்று; மாசசூஸெட்ஸில் உள்ள சேலம். ஜட்ஸன் கப்பல் ஏறியதும் அங்கிருந்துதான்.) 1827-இல் தொழில் தொடங்கி, சில வருஷங்களில் பாஸ்டனுக்குக் குடிபெயர்ந்தார்கள். 1840-களின் நடுவில் கொட்டகை ஆலயத்துக்கு மூன்று கட்டை வரிசை உள்ள பெரிய ஆர்கன் செய்து கொடுத்தார்கள். 1848 செப்டம்பர் 22-ஆம் தேதி அந்த மண்டபத்தில் ஓர் அரசியல் கூட்டம். நியூயார்க் மாகாணத்து ஸெவார்டு பேசிய பின்னர், மேற்கத்தி மாகாணத்திலிருந்து வந்த நெடிய உருவினரான காங்கிரஸ் அங்கத்தினர் ஒருவர் பேசினார். பெயர் ஆபிரகாம் லிங்கன். பாஸ்டன்வாசிகள் அவரை அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

1850 செப்டம்பரில் 'ஸ்வீடன் குயில்' என்று உலகம் கொண்டாடிய ஜென்னி லிண்ட் அங்கே பாடியபோதோ, கவனித்தார்கள்! முதல் டிக்கெட்டு ஏலத்தில் 625 டாலருக்குப் போயிற்று. எடுத்தவரும் ஒரு பாடகரே. ஒரே நாளில் தம் பெயரும் ஊரெங்கும் அடிபடும்படி செய்துகொண்டார். விளம்பரக் கலை நம் காலத்தில் பிறந்தது என்று எண்ணுபவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

1852 மார்ச் 31-ஆம் தேதி கட்டடம் எரிந்தது. ஆர்கனும் போயிற்று. மறு வருஷமே வேறு கட்டடம் எழுந்தது. ஹுக் சகோதரர்களே அதற்கும் ஆர்கன் செய்தார்கள். இம்முறை நான்கு கட்டை வரிசைகள், எழுபது ஸ்டாப்புகள். அந்நாள் வரையில் அவர்கள் செய்தவற்றுள் எல்லாம் பெரியது.

அந்த ஆர்கன் நின்ற இருபத்தாறு வருஷங்களே ஆலயத்தின் சரித்திரத்தில் உச்சமான காலம். 1859-இல் சில வாரங்கள் பிரசங்க மேடையில் நின்றவர் ஜே. ஸெல்லா மார்ட்டின், தெற்கே அடிமையாகப் பிறந்து தப்பி வந்தவர். அவர் எவருக்குப் பதிலாக நின்றாரோ அந்தப் போதகர் ஐஸக் காலக்கின் கதை ஒரு தனி நாவலுக்குப் போதும். விபசாரக் குற்றம் சாட்டப்பட்டு 1857-இல் விசாரணைக்கு நின்று, ஜூரிகள் ஒத்துப்போகாமையால் தப்பினார். பின்னர் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய், 1879-இல் நகராட்சித் தலைவர் பதவிக்கு நின்றபோது ஒரு பத்திரிகாசிரியர் அவரைச் சுட்டார். காயத்தோடு பிழைத்துத் தேர்தலிலும் வென்றார். மறு வருஷம் அவர் மகன் அந்தப் பத்திரிகாசிரியரைச் சுட்டுக் கொன்றான். இதற்கு மேல் இதில் நாம் இறங்கவில்லை.

1860 டிசம்பர் 3-ஆம் தேதி, அடிமைகளை விடுவிக்க ஆயுதம் எடுத்துத் தூக்கில் இறந்த ஜான் பிரௌனின் நினைவாகக் கூட்டம் கூடிற்று. பிரெடெரிக் டக்ளஸ் பேச வந்திருந்தார். அடிமையாகப் பிறந்து, தப்பியோடி, எழுதக் கற்று, அத்தேசத்தின் தலைசிறந்த பேச்சாளர்களுள் ஒருவரானவர். தெற்கத்திப் பஞ்சை நம்பிப் பிழைத்த வர்த்தகர்களும் அவர்களுடைய கூட்டத்தாரும் மண்டபத்தில் புகுந்து தலைமை மேடையைப் பறித்துக்கொண்டார்கள். அடிதடி நடந்தது. டக்ளஸைப் பிடித்து இழுத்தார்கள். போலீஸார் மண்டபத்தைக் காலி செய்தார்கள். அதாவது கலகக்காரரோடு கூட்டம் போட்டவர்களையும் வெளியே தள்ளினார்கள். இந்த முறை நமக்குப் புதிதல்ல. அன்று மாலையே அவர்கள் பீக்கன் மேட்டுக் கறுப்பர் ஆலயத்தில் கூடிக் கூட்டத்தை நடத்தினார்கள்.

பிரகடன இரவு

இரண்டு வருஷம் சென்றது. உள்நாட்டு யுத்தம் மூண்டுவிட்டது. 1863 ஜனவரி முதல் தேதி அடிமைகளின் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திடுவதாக லிங்கன் வாக்களித்திருந்தார். அதே லிங்கன், பதினைந்து வருஷத்துக்கு முன் இதே தெருவில் கவனிப்பாரின்றிப் பேசிவிட்டுப் போனவர்.

அன்று பாஸ்டன் பெரியமனிதர்கள் மியூஸிக் ஹாலில் பேதோவனின் இசையோடு கொண்டாடினார்கள். எமர்சன் தாம் எழுதிய கவிதையைப் படித்தார். டிரெமாண்ட் ஆலயத்தில் கூடியவர்களோ காலை முதல் இரவு வரையில் காத்திருந்தார்கள். டக்ளஸ், மார்ட்டின், வில்லியம் வெல்ஸ் பிரௌன், அன்னா டிக்கின்ஸன் என்ற இளம்பெண் எல்லோரும் மாறி மாறிப் பேசினார்கள். தந்தி ஆபீஸிலிருந்து மேடை வரையில் ஆட்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். எட்டு மணி அடித்தது, செய்தி இல்லை. ஒன்பது, இல்லை. பத்தும் கடந்தது. லிங்கன் மனம் மாறிவிட்டாரோ என்ற சந்தேகம் ஜனங்களைப் பிடித்தது. சொன்ன தேதியில் சொன்னதைச் செய்யாத அரசாங்கங்களை அனுபவித்த எவருக்கும் அந்த நிமிஷங்களின் பாரம் விளங்கும்.

அப்போது ஒருவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்து, தந்திக் கம்பியில் செய்தி வந்துகொண்டிருக்கிறதென்று கூவினார். அழுதவர்களும் சிரித்தவர்களும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டவர்களும் ஆக மண்டபம் கொந்தளித்ததென்று டக்ளஸே பின்னர் எழுதிவைத்திருக்கிறார். ரூ என்ற முதிய கறுப்புப் போதகர் தம் கணீரென்ற குரலில் ஒரு கீர்த்தனையை எடுத்தார். ஜனங்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். எழுபது ஸ்டாப்பு ஆர்கன் நின்ற மண்டபத்தில் அன்று முதலில் எழுந்த சங்கீதம் ஒரு கிழவரின் வாய்ப்பாட்டுத்தான். ஸ்பர்ஜன் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

நள்ளிரவில் மண்டபத்தை விடவேண்டிய நேரம் வந்தது. யாருக்கும் வீட்டுக்குப் போக மனமில்லை. லெனர்டு கிரைம்ஸ் போதகராக இருந்த பன்னிரண்டாம் பாப்டிஸ்டு சபைக்குப் போய் விடியுமட்டும் கொண்டாடினார்கள். அந்தப் பன்னிரண்டாம் சபையில் தொண்ணூறு வருஷங்களுக்குப் பின், பாஸ்டன் சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர் அடிக்கடி பிரசங்கம் செய்தார். அவர் மார்ட்டின் லூதர் கிங். காந்தியடிகளின் நாட்டைக் காண 1959-இல் வந்தபோது கன்னியாகுமரியில் சூரியன் மறைவதையும் சந்திரன் எழுவதையும் ஒருங்கே கண்டு வியந்தவர்.

கில்பர்ட் 1865-இல் காலமானார். யுத்தத்தின் முடிவையும் அவர் கண்டுவிட்டார்.

சுதேசி ஆர்கனும் சீமை ஆர்கனும்

பிரகடன வருஷத்திலேயே பாஸ்டன் சங்கீத உலகத்தில் வேறொரு சச்சரவு. மியூஸிக் ஹாலுக்கு ஓர் ஆர்கன் வேண்டுமென்று தீர்மானித்த பெரியமனிதர்கள், உள்ளூரில் ஹுக் சகோதரர்கள் இருக்க, ஜெர்மனியில் வால்க்கர் என்பவருக்கு ஆர்டர் கொடுத்தார்கள். 5,474 குழல்கள், விலை அறுபதினாயிரம் டாலர் வரையில். 1863 நவம்பர் 2-ஆம் தேதி அரங்கேற்றம். உள்ளூர்த் தொழிலாளர்களுக்கு எவ்வளவு மனவருத்தம் என்று சொல்லவேண்டியதில்லை. கைத்தறித் துணியை ஒதுக்கிவிட்டு மான்செஸ்டர் மல்லைத் தேடியவர்களை நாம் அறிவோம்.

ஹுக் சகோதரர்கள் வாயால் பதில் சொல்லவில்லை. மறு வருஷமே வூஸ்டர் நகரத்து மெக்கானிக்ஸ் ஹாலுக்கு நான்கு கட்டை வரிசை ஆர்கன் ஒன்று செய்து நிறுத்தினார்கள். சீமை ஆர்கனோ இருபது வருஷத்துக்கெல்லாம் இடைஞ்சல் என்று கழற்றப்பட்டது. 1897-இல் ஒரு செல்வர் 1,500 டாலருக்கு அதை வாங்கி, மெத்யுவன் என்ற ஊரில் அதற்கென்றே ஒரு மண்டபம் கட்டி வைத்தார். இரண்டும் இன்று வாசிக்கக்கூடிய நிலையில் இருப்பதால், வழக்கைத் தீர்க்க விரும்புபவர்கள் இரண்டு ஊருக்கும் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

1867 டிசம்பர் 2-ஆம் தேதி சார்லஸ் டிக்கன்ஸ் டிரெமாண்ட் ஆலயத்து மேடையில் தம் கிறிஸ்துமஸ் கதையையும் பிக்விக் வழக்கையும் வாசித்துக் காட்டினார். அந்தப் பிரயாணத்தில் அமெரிக்காவில் அவர் செய்த முதல் வாசிப்பு அது.

1879 ஆகஸ்டு 14-ஆம் தேதி மீண்டும் தீ. விடுதலைச் செய்தியின் ஆரவாரத்தைக் கேட்ட ஆர்கன் அன்றோடு முடிந்தது. அடுத்த வருஷமே மூன்றாம் கட்டடம். ஹுக் நிறுவனத்தில் இதற்குள் ஹேஸ்டிங்ஸ் என்பவர் பங்காளி ஆகியிருந்தார். அவர்கள் பெயரால் மறுபடி நான்கு கட்டை வரிசை ஆர்கன். ஜார்ஜ் 1880-லும் எலியாஸ் 1881-லும் காலமானார்கள். 1893 மார்ச் 19-ஆம் தேதி மூன்றாம் தீ அதையும் விடவில்லை. ஒரே ஆலயத்துக்கு மூன்று ஆர்கன். மூன்றும் ஒரே பட்டறை. மூன்றும் உருகி ஓடின.

அப்போது போதகராக இருந்த ஜார்ஜ் லோரிமர் ஸ்காத்லாந்தில் பிறந்து, நடிகராக அமெரிக்காவுக்கு வந்து, அங்கே மனம் மாறிப் போதகர் ஆனவர். கொட்டகையில் பிறந்த ஆலயத்துக்குப் பொருத்தமான போதகர்! 'ஸாட்டர்டே ஈவினிங் போஸ்டு' என்ற வாரப் பத்திரிகையைப் பல லட்சம் வீடுகளுக்குக் கொண்டுபோன ஆசிரியர் இவருடைய குமாரர். நான்காம் கட்டடத்தை வரைந்த கிளாரன்ஸ் பிளாக்கால், பின்னாட்களில் பாஸ்டனின் பெரிய நாடகசாலைகளை வரைந்து புகழ்பெற்றவர். வெனிஸ் நகரத்து அரண்மனையை நினைவூட்டும் வண்ணக்கல் முகப்போடு 1896-இல் திறந்த அக்கட்டடம் இன்றும் டிரெமாண்ட் தெருவில் இருக்கிறது. அதற்குள்ளும் ஆர்கன் உண்டு. ஹுக்-ஹேஸ்டிங்ஸ் பட்டறை 1935-இல் மூடப்பட்டது.

கில்பர்ட்டை விலக்கிய சார்லஸ் தெரு ஆலயத்தின் கதையையும் கேளுங்கள். அச்சபை நாளடைவில் மெலிந்தது. 1876-இல் அந்தக் கட்டடத்தை ஆப்பிரிக்க மெதடிஸ்டு சபையார் விலைக்கு வாங்கினார்கள். அவர்கள் அனைவரும் கறுப்பு மக்கள். கீழ்த்தளம், மாடம், பிரசங்க மேடை எல்லாம் அவர்களுடையவை ஆயின. 1939 வரையில் அங்கேயே வழிபட்டு வந்தார்கள்.